வாலில்லாத பிளக்

சென்ட் லோரன்ட்
9 ஜூன் 2025

சம்பந்தி அம்மா பாலாம்பிகை அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளின் காம்ப் ட்றெயிலருக்குள், கரண்டிகள் வைத்து இழுத்து மூடுகிற லாச்சியில் வைத்துவிட்டுப் போகிறேன். ட்றெயிலர் உங்கள் முற்றத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் உங்கள் கதவைத் தட்டிக் கையில் தர எனக்கு மனம் வரவில்லை. போனிலும் சரிவராது. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பிரஷர் ஏறுகிறது. என் குரல் உங்களுக்கும் அதையே செய்கிறது என்று உங்கள் மகள் துஷாந்தினி சொன்னாள்.

பிள்ளைகள் மொன்றியலை விட்டு எட்மன்ரனுக்குக் குடிபோகும்போது என் மகன் றொக்சன் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். "ட்றெயிலரை விக்கேல்லை. ரெண்டு அம்மாவும் மாறி மாறிப் பாவியுங்கோ. அந்தச் சாட்டிலயாவது ஒராளோட ஒராள் கதைப்பியள்" என்றான். என் மகன் நல்லவன். தன் தாயைப் பற்றியும் மாமியைப் பற்றியும்தான் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்கள் தேவாலயப் பங்கு ஆட்களோடு மாதா யாத்திரைக்குப் போனோம். இவர் துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுத்த மனிதர் என்பதால் ட்றெயிலரை இழுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எங்களை நிறுத்தச் சொன்ன புல்வெளியில் கறண்ட் தூண் இல்லை. அதனால் என்ன, ஜெனரேற்றர் இருக்கிறதே என்று நான் எல்லாருக்கும் தேத்தண்ணி தருவதாகச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

ஜெனரேற்றர் ஒழுங்காக ஓடியது. ஆனால் ட்றெயிலருக்குப் போகும் வயரில் றொக்சன் ஒரு காவல் பெட்டி பூட்டியிருக்கிறான் அல்லவா, கறண்டில் பிழை கண்டால் உள்ளே விடாமல் மறிக்கிற பெட்டி, அது சிவப்பு லைட்டைப் போட்டு "எர்த் பிழை" என்று காட்டியது. நிறுத்தி மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே சிவப்பு. பாட்டுக்குழு ஜென்சி வெறும் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஃபாதர் மட்டும் "பரவாயில்லை, ஒறுத்தலா இருக்கட்டும்" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல் இருந்தது.

எனக்கு முன்பு ட்றெயிலர் உங்களிடம்தான் இருந்தது. குற்றமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

மீன் பொரித்த சட்டியை இரண்டு தரம் கழுவி வைத்திருக்கிறேன்.

அக்னெஸ்


இல்-பிசார்
23 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது. உங்கள் தகவலுக்கும் நன்றி. என் பங்குக்கு ஒரு தகவல்: என்னிடம் இருந்தபோது நான் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடம் வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்தெறி நடத்தியவள் நான். நான் இல்லாத நேரத்தில் உடைந்ததை என் தலையில் கட்டுகிறவர்களை எனக்குப் பழக்கம் உண்டு. அவர்களுக்கு மூன்று வயது இருக்கும்.

சட்டியை இரண்டு தரம் கழுவியதாக எழுதியிருந்தீர்கள். நான் மூன்றாம் தரமும் கழுவினேன். பிறகு என் சொந்தச் சட்டியையே கொண்டுபோனேன். நீங்கள் தவறாக எடுக்க மாட்டீர்கள்.

போன கிழமை தங்கை குடும்பத்தோடு காட்டுப்பக்கம் போனோம். அங்கும் உங்களுக்கு நடந்ததுதான் நடந்தது. ஜெனரேற்றர் ஓடுகிறது, பெட்டி சிவப்பைக் காட்டுகிறது. ஆனால் எங்களோடு என் அண்ணன் மகன் கஜீவன் வந்திருந்தான். அவன் வீடுகளுக்கு லைட் பூட்டுகிற வேலை செய்கிறவன். ட்றெயிலருக்குள் இருக்கும் பிறேக்கர் பெட்டியைத் திறந்தான். "மாமி, இதில நியூட்றலும் எர்த்தும் தொடாமல் தனித்தனிய நிக்குது. வீட்டு மெயின் பெட்டியில ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும். ஆரோ மறந்துபோனாங்கள்" என்றான். ஒரு சின்ன வயர்த் துண்டால் இரண்டையும் சேர்த்து முறுக்கினான். காவல் பெட்டி உடனே பச்சை காட்டியது.

அந்தக் காட்டுக்குள் நான் கிறைண்டரைப் போட்டு உழுந்து அரைத்துத் தோசை சுட்டேன். பக்கத்துக் கூடாரத்துக் கியூபெக்காரர் இரண்டு பேர் மணம் பிடித்துக்கொண்டு வந்து "மெர்சி, மெர்சி" என்று நின்று சாப்பிட்டார்கள். உங்கள் பாட்டுக்குழுவை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. பேரன் பிறந்து முப்பத்தொன்று கொண்டாடிய அன்று நடந்ததை நான் முழுதாக மறந்துவிட்டேன். கண்ணூறு படக் கூடாது என்று நிலனின் கன்னத்தில் நான் வைத்த கறுப்புப் பொட்டை நீங்கள் ஈரத் துணியால் துடைத்ததை மறந்துவிட்டேன். நான் திரும்ப வைக்க, நீங்கள் திரும்பத் துடைத்ததையும் மறந்துவிட்டேன். அத்தனை சனத்துக்கு முன்னால் நடந்தது என்பதையும் மறந்துவிட்டேன்.

பாலாம்பிகை


சென்ட் லோரன்ட்
7 ஜூலை 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

நானும் மறந்துவிட்டேன். நிலனின் சட்டையில் நான் குத்திய மாதா பதக்கத்தை நீங்கள் கழற்றிப் பவுடர் ரின்னுக்குள் போட்டதைத்தான் சொல்கிறேன். ஊசி குத்தும் என்றீர்கள். அது குத்தாத ஊசி. சரி, விடுவோம்.

இந்த முறை ட்றெயிலரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினோம். பயணம் போவதற்கு முதல் ஏசியைப் போட்டு உள்ளே குளிர வைக்கலாம் என்று வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பொயின்றில் கொழுவினேன். கொழுவியதும் பொயின்ற் "டிக்" என்று நின்றுவிட்டது. பொத்தானை அமர்த்தித் திரும்பக் கொழுவினேன். திரும்பவும் டிக். இதற்கிடையில் மேல்வீட்டுப் பிரெஞ்சுக்கார மிஸியே இறங்கி வந்து, என் பொயின்றுக்கு என்ன செய்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டார். என் பிரெஞ்சு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போது படித்தது. அதில் இதற்குச் சொல் இல்லை.

கடைசியில் எங்கள் பங்கில் இருக்கும் கிறகரியைக் கூப்பிட்டேன். ட்றெயிலர் திருத்துகிற இடத்தில் வேலை செய்கிறார். உங்கள் கஜீவன் பூட்டிய வயரைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

"அக்கா, கறண்ட் போறதுக்கு ஒரு வயர், திரும்பி வாறதுக்கு ஒரு வயர். திரும்பி வாறதுதான் நியூட்றல். எர்த் சும்மா நிக்கிற வயர், ஏதும் பிழை வந்தாத்தான் அதுக்கு வேலை. இந்த ரெண்டும் கட்டாயம் ஒரு இடத்தில தொடவேணும். ஆனா ஒரே இடத்திலதான். கறண்ட் வெளிக்கிடுற இடத்தில. வீட்டில அது மெயின் பெட்டியில தொட்டிருக்கு, காம்ப் தூணெண்டாலும் அங்கால தொட்டிருக்கு. உங்கட ஜெனரேற்றரில எங்கயும் தொடேல்லை. அதுதான் காவல் பெட்டி மறிச்சது" என்றார்.

"அப்ப ட்றெயிலருக்குள்ள தொட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டிலயும் தொட்டு இங்கயும் தொட்டா, திரும்பிப் போற கறண்ட் பாதி எர்த்தாலயும் போகும். எர்த் வயர் ட்றெயிலரின்ர தகரத்தோட சேர்ந்தது. பொயின்ற் அதைக் கண்டுபிடிச்சுத்தான் நிக்குது. நிக்காத பொயின்றில கொழுவி, எங்கயாவது நியூட்றல் கழண்டுதெண்டா, படியில கால் வைக்கிற ஆளுக்கு அடிக்கும்" என்றார்.

அவர் சொன்ன தீர்வு இதுதான். ஒரு பிளக், அதற்கு வயர் கிடையாது. உள்ளுக்குள்ளேயே நியூட்றலையும் எர்த்தையும் சேர்த்திருக்கிறார். ஜெனரேற்றரில் சும்மா கிடக்கும் மற்றப் பொயின்றில் அதைச் செருகினால், தொட வேண்டியது தொட வேண்டிய இடத்தில் தொடும். சிவப்பு ஒட்டு ரேப் சுற்றி ஜெனரேற்றர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

"இந்த வயரைக் கழட்டட்டோ?" என்று கிறகரி கேட்டார். வேண்டாம் என்று மறித்துவிட்டேன். உங்கள் ஆட்கள் பூட்டியதை நான் கழற்றினால் பொட்டுத் துடைத்த கதையாகிவிடும். நீங்களே கழற்றிவிடுங்கள். நிலன் தவழத் தொடங்கிவிட்டான் என்பதை மட்டும் யோசியுங்கள்.

அக்னெஸ்


இல்-பிசார்
17 ஜூலை 2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

லாச்சியில் வைத்தால் உங்கள் கையில் சேர நாட்செல்லும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

கஜீவன் லாவாலில் எத்தனையோ வீடுகளுக்கு லைட் பூட்டியிருக்கிறான். இன்றுவரை ஒரு வீடும் அவனைத் திட்டிக் கடிதம் எழுதவில்லை. உங்கள் கிறகரி தலையில் கை வைத்ததை நான் பையனிடம் சொல்லவில்லை. அவனுக்கு மெல்லிய மனம்.

அந்த வாலில்லாத பிளக்கையும் எடுத்துப் பார்த்தேன். கார்தெறி நடத்தியவள் கண்ணால்தான் பார்த்தேன். ஒரு பிளக் கிடந்தால் மனிதர் என்ன செய்வார்கள்? பொயின்றில் செருகிப் பார்ப்பார்கள். அதை யாராவது வீட்டுச் சுவரில் செருகினால், ஒரே இடத்தில்தான் தொட வேண்டும் என்ற உங்கள் கிறகரியின் சட்டம் என்னாகும்? சிவப்பு ரேப் சுற்றினால் போதுமா? சிவப்பைக் கண்டால் பிள்ளைகள் வாயில்தான் வைப்பார்கள்.

வயரைக் கழற்றுவதாக இல்லை.

இது ஒருபுறம் இருக்க, துஷாந்தினி நேற்றுப் போன் எடுத்தாள். உங்களுக்கும் றொக்சன் எடுத்திருப்பான். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து பாடமாக்கியதுபோல்தான் கதைத்தாள். ஓகஸ்ட் எட்டாம் திகதி வருகிறார்களாம். எங்கள் வீட்டிலும் தங்க மாட்டார்களாம், உங்கள் வீட்டிலும் தங்க மாட்டார்களாம். ஏரிக்கரையில் இடம் எடுத்திருக்கிறார்கள். அங்கே கறண்ட் தூண் கிடையாது. ட்றெயிலரும் ஜெனரேற்றரும்தான். அதற்குள் நிலனும் நாங்களும் நீங்களும் மூன்று நாள்.

"அம்மா, மூண்டு நாள் நீங்களும் மாமியும் சண்டை பிடிக்காமல் இருந்து காட்டுங்கோ. ஏலாதெண்டா அடுத்த நாளே ஃபிளைட்டை மாத்திக்கொண்டு போயிடுவம். அதுக்குப் பிறகு நாங்கள் மொன்றியல் பக்கம் வரமாட்டம். பிள்ளையைப் பாக்கிறதெண்டா ஒவ்வொராளா எட்மன்ரனுக்கு வாங்கோ, வேற வேற மாசத்தில" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகக் கதைத்தால்தான் எனக்குப் பயம்.

நிலனுக்கு வெக்கை ஆகாதாம். கழுத்தெல்லாம் வேர்க்குருவாம். ஏசி கட்டாயம் வேண்டும் என்றாள்.

பாலாம்பிகை


சென்ட் லோரன்ட்
30 ஜூலை 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து வந்து இதை லாச்சியில் வைக்கிறேன். இல்-பிசாருக்குப் பஸ் எவ்வளவு அருமையாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் கணக்கில் எடுங்கள். நேரே வந்து சொல்லலாம்தான். ஆனால் இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் சொன்னது சரி.

போன கிழமை ட்றெயிலர் எங்களிடம் நின்றபோது, பிளக்கைத் துடைக்கலாம் என்று எடுத்து வந்து குசினி மேசையில் வைத்திருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், இவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேத்தல் பொயின்றுக்குக் கிட்டப் போகிறார். "என்னப்பா செய்யிறியள்?" என்று கத்தினேன். "பொயின்றை மூடுற மூடியாக்கும் எண்டு நினைச்சன்" என்றார். துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்த மனிதரே இப்படிச் செய்தால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

அந்த நிமிடமே அதைக் கிறகரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கஜீவனின் வயர் அப்படியே இருக்கட்டும். ஜெனரேற்றரோடு மட்டும் பாவித்தால் அதாலும் வேலை நடக்கும் என்று கிறகரியே ஒத்துக்கொண்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. சுளிக்கட்டும்.

எனக்கு இருப்பது ஒரு பேரன். அவன் முன்னால் உங்களோடு மல்லுக்கட்டி அவனை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. வெக்கத்தைவிட்டு எழுதுகிறேன்.

அக்னெஸ்


இல்-பிசார்
31 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஏரிக்கரைக்குப் போக முன்னமே இந்தக் கடிதம் தபாலில் உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். கிடைத்ததும் ஒருவருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிறகரி சொன்னது சரி.

நேற்று ட்றெயிலரைக் கூட்டித் துடைக்கலாம் என்று கறாஜ் பொயின்றில் கொழுவினேன். டிக். அமர்த்திவிட்டுத் திரும்பக் கொழுவினேன். டிக். நான் நின்ற நிலையில் ட்றெயிலரின் இரும்புப் படியைப் பார்த்தேன். நிலன் அந்தப் படியைப் பிடித்து எழும்ப முயற்சிப்பதுபோல் ஒரு காட்சி கண்ணுக்குள் வந்தது.

இன்று காலையே கஜீவனைக் கூப்பிட்டு வயரைக் கழற்றச் சொன்னேன். "மாமி, அப்ப ஜெனரேற்றருக்கு என்ன செய்வியள்?" என்றான். "சம்பந்தி அம்மாட்டப் பிளக் இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களா?

ஆகவே உங்கள் பிளக்கையே பாவிப்போம். சின்ன ஆட்கள் கை படாத உயரத்தில் ஜெனரேற்றரை வைத்தால் என் பயமும் தீர்ந்தது. துஷாந்தினிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் ஒருபோதும் சண்டை பிடித்ததே இல்லை என்பதுபோல் போய் இறங்குவோம்.

உழுந்து நான் ஊறப்போட்டுக் கொண்டுவருவேன். கிறைண்டரும் வரும்.

பாலாம்பிகை


சென்ட் லோரன்ட்
13 ஓகஸ்ட் 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஏரிக்கரையில் நீங்களும் நானும் ஒரே இடத்தில்தான் நின்றோம். ஆனாலும் என் பக்கத்தை எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

பெட்டி சிவப்பைக் காட்டியபோது நான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன். கஜீவனின் வயர் எங்கேயோ கொஞ்சம் இளகியிருக்கும், இறுக்கினால் சரி என்ற தைரியம். நீங்களும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் பிளக்கை இன்னும் செருகவில்லை என்று நினைத்துச் சிரித்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வெக்கையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து றொக்சன் பயந்துவிட்டான். வயர்க் கதையும் பிளக் கதையும் அவன் காதுக்கு முன்பே போயிருந்தன.

"மாமி, கஜீவன் பூட்டின வயர் எங்க?"

"கழட்டியாச்சு."

"அம்மா, கிறகரி அங்கிள் தந்த பிளக் எங்க?"

"திருப்பிக் குடுத்தாச்சு."

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்களுக்கு ஒராளோட ஒராள் கதைக்கவே ஏலாதா?" என்றான். உள்ளே நிலன் வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். துஷாந்தினி சீரியல் பெட்டி மட்டையால் அவனுக்கு விசிறிக்கொண்டே, "நான் ஃபிளைட் பாக்கிறன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நீங்கள் எழுதியது சரி, அவள் மெதுவாகக் கதைத்தால்தான் பயம்.

அப்போதுதான் நான் வெளியே கிடந்த சாப்பாட்டு மேசையில் ஏறினேன். கீழே நின்றால் என் போனுக்குச் சிக்னல் இல்லை. மேசையில் ஏறி, கையைத் தூக்கி, ஸ்பீக்கரில் போட்டால் கிறகரியின் குரல் வந்தது. மூன்று காலுள்ள பிளக் ஒன்றை வயரோடு வெட்டி எடுத்தால் அந்த இடத்திலேயே ஒன்று செய்யலாம் என்றார். என் கேத்தலுக்கு இரண்டு கால். றொக்சனின் சார்ஜருக்கு இரண்டு கால். மூன்று கால் உள்ளது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள்தான் கத்தியை எடுத்தீர்கள். "அம்மா, வேண்டாம், அது உங்கட கிறைண்டர்" என்று துஷாந்தினி சொல்லச் சொல்ல அறுத்தீர்கள். "கிறைண்டருக்கு வேர்க்குரு வராது" என்றீர்கள்.

மேசையில் நின்றபடி நான் அழுதேன். நீங்கள் பார்க்கவில்லை. நல்லது.

மிச்சத்தை றொக்சன் செய்தான். ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு, கிறகரி சொல்லச் சொல்லக் கறுப்பு வயரைத் தனியாக மூடிக் கட்டி, வெள்ளையையும் பச்சையையும் சேர்த்து முறுக்கி, ரேப் சுற்றி, செருகி, திரும்ப ஓட்டினான். பெட்டி பச்சை காட்டியது. ஏசி உறுமியது. நிலன் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். துஷாந்தினி போனைக் கவிழ்த்து வைத்தாள். அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஊறிய உழுந்தை அரைக்க வழியில்லாமல் மூன்று நாளும் உழுத்தங்கஞ்சி குடித்தோம். நான் கொண்டுவந்த மீனை ஒருவரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

உங்கள் தபால் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களே. இவரின் பொக்கற்றில் இருந்தது. உங்கள் வீட்டுக்காரரும் இவரும் வெள்ளிக்கிழமைகளில் கோப்பிக்கடையில் சந்திப்பது தெரிந்து, எங்களுக்கிடையில் தூது போகக் கூடாது என்று நான் முன்பு சத்தம் போட்டிருந்தேன். "தபாலும் தூதுதானே" என்று யோசித்துக் கடிதத்தைத் தராமல் வைத்திருந்தாராம். நீங்கள் லாச்சியைத் திறந்து என் கடிதத்தைக் கண்டெடுத்த பிறகுதான் தானும் எடுத்துத் தந்தார்.

கிறைண்டரை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அக்னெஸ்


இல்-பிசார்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கிறைண்டருக்குக் கஜீவன் புது வயர் போட்டுவிட்டான். முன்பைவிட நீளமான வயர். நேற்று அரைத்தேன், குறை ஒன்றும் இல்லை. நீங்கள் மனம் வருந்த வேண்டாம். கஜீவன் இப்போது சனிக்கிழமைகளில் கிறகரியிடம் போய்வருகிறான். "மாமி, வீட்டுக் கறண்ட் வேற, ட்றெயிலர் கறண்ட் வேற" என்று எனக்கே வகுப்பெடுக்கிறான்.

ஏரிக்கரையில் செய்த எங்கள் காட்டுப் பிளக்கை நான் தூக்கி எறியவில்லை. கிறகரி எறியச் சொன்னாராம். நான் அதன் மூன்று காலையும் குறட்டால் பிடுங்கிவிட்டுச் சாமியறையில் வைத்திருக்கிறேன். இனி அதை எந்தச் சுவரிலும் செருக முடியாது.

நீங்கள் மேசையில் நின்று அழுததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் அறுத்தேன். அழுகிற பிள்ளையைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கூடும் என்பது கார்தெறிப் பழக்கம். எனக்கும் அழுகை வந்தது. வயர் தடிப்பமாக இருந்ததால் அதில் கவனம் போய்விட்டது.

துஷாந்தினி நேற்றுப் போன் எடுத்தாள். டிசம்பரில் நத்தாருக்கு வந்து பொங்கல் முடியத்தான் போவார்களாம். உங்கள் வீட்டில் பாதி நாள், எங்கள் வீட்டில் பாதி நாள். அவளாகத்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை.

இனிப் போனில் கதைக்கலாமே என்று இவர் கேட்கிறார். எனக்கும் விருப்பம்தான். ஆனால் போனில் என்றால் நீங்கள் ஒன்று சொல்லி முடிக்க முன்னமே நான் மறுத்துச் சொல்லிவிடுவேன். கடிதம் என்றால் முத்திரை ஒட்டுகிற நேரத்துக்குள்ளாவது புத்தி வருகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். ஏரிக்கரையிலிருந்து புறப்பட்ட அன்று காலை றொக்சன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் நிலனின் இரண்டு கன்னத்திலும் கறுப்புப் பொட்டு இருக்கிறது. நான் வைக்கவில்லை. நான் அப்போது குளிக்கப் போயிருந்தேன். துஷாந்தினியைக் கேட்டால் தானில்லை என்கிறாள். எங்கள் பக்கத்தில் இரண்டு கன்னத்திலும் வைக்கிற வழக்கம் ஒருவருக்கும் இல்லை. யார் வைத்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

பாலாம்பிகை


சென்ட் லோரன்ட்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சம்பந்தி அம்மா என்று எழுதத்தான் தொடங்கினேன். கை இப்படி எழுதிவிட்டது. வெட்டாமல் விடுகிறேன்.

அந்தப் படம் எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. நீங்கள் கன்னத்தைப் பார்த்திருக்கிறீர்கள். நான் சட்டையைப் பார்த்தேன். நெஞ்சுப் பக்கத்தில் மாதா பதக்கம் குத்தியிருக்கிறது. அது முப்பத்தொன்று அன்று பவுடர் ரின்னுக்குள் போன அதே பதக்கம். அதற்குப் பிறகு நான் அதைக் காணவில்லை. யார் இவ்வளவு நாளும் பத்திரமாக வைத்திருந்து, யார் குத்திவிட்டது என்று நான் கேட்கப் போவதில்லை.

பொட்டு வைத்தது நான்தான். நீங்கள் குளிக்கப் போன நேரம் உங்கள் பையிலிருந்து மை எடுத்தேன். இவ்வளவு தூரம் போகிற பிள்ளைக்கு ஒருவரின் கண்ணும் படக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அன்றைக்குத் துடைத்த அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. கேட்கவும் வெக்கம். அதனால் இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன்.

இப்போது யோசித்தால் கிறகரி சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. இதுவும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்போலும்.

எந்தக் கன்னம் என்று நத்தாருக்கு முதல் எழுதுங்கள், மச்சாள்.

அக்னெஸ்